வால் முளைத்த கிட்டார்

தம்பி, முதலில் இந்தத் தலையணை உறையைக் கழற்றிவிடுகிறேன். பார்த்துவிட்டு, சிரிக்க வேண்டுமென்றால் ஒரேயடியாகச் சிரித்து முடித்துவிடுங்கள். இடையிடையே சிரித்தால் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகும்.

ஆமாம், கிட்டார்தான். பிளாஸ்டிக் கிட்டார். இதற்குக் கம்பி கிடையாது. வரும்போது மினிபஸ்ஸில் ஒருவர், "கம்பியெல்லாம் அறுந்துபோச்சாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முன்பின் தெரியாதவரிடம் உட்கார்ந்து விளக்கம் சொல்ல எனக்குக் கூச்சம். உங்களிடம் சொல்லலாம். நீங்கள் செல்போன் மெக்கானிக். டாக்டரிடம் சொல்வது மாதிரி.

வேலை சின்னதுதான். இதன் முதுகைப் பாருங்கள். பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு வால் தொங்குகிறதா? அந்த வாலை எடுத்துவிட்டுப் பழையபடி ஆக்கித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

கேபிள் என்று எனக்கும் தெரியும். நான் வால் என்றுதான் சொல்வேன்.

உருவினால் வந்துவிடுமா? அது தெரியாமலா உங்களிடம் வந்திருக்கிறேன். உருவிப் பார்த்தாயிற்று. உருவினால் ஒன்றுமே எடுக்கவில்லை. பூஜ்யம். மாட்டினாலும் பழைய மாதிரி இல்லை, எடுத்தாலும் பழைய மாதிரி இல்லை. ரிப்பேர் பண்ணிக் கெடுத்துவிட்டார்கள் தம்பி. நன்றாக இருந்த சாமானை ரிப்பேர் பண்ணிக் கெடுத்துவிட்டார்கள். ரிப்பேர் பண்ணியது வேறு யாருமில்லை, என் மகன் பூவநாதன்தான். அவன் இன்று சிநேகிதன் கல்யாணத்துக்கு மதுரை போயிருக்கிறான். அதனால்தான் அவனுடைய லேப்டாப்பையும் ஒயர்கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். மேலே கீரைக்கட்டு இருக்கும், அதை எடுத்துக் கீழே வையுங்கள். யாராவது பார்த்தால் கீரை வாங்கிவிட்டு வருகிறேன் என்று நினைக்கட்டும் என்று வைத்தேன்.

இது என்ன விளையாட்டு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு ரோடு இருக்கும். ரோட்டில் ஐந்து நிறத்தில் வட்டு வட்டாக இறங்கி வரும். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு. கிட்டாரின் கழுத்திலும் அதே ஐந்து நிறத்தில் பொத்தான்கள். வட்டு வந்து கோட்டைத் தொடும்போது அந்த நிறத்தை இடது கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் இந்தப் பட்டையைத் தட்ட வேண்டும். டக் என்று கேட்கும். சரியாகத் தட்டினால் பாட்டு ஓடும். தப்பினால் பாட்டு நின்று டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். பாட்டு முடிந்ததும் நூற்றுக்கு எத்தனை என்று போடும்.

எனக்கு நூறு. எப்போதும் நூறு. தொண்ணூற்றொன்பது என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை.

பெருமைக்குச் சொல்லவில்லை தம்பி. நான் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவள், அதாவது குச்சியை வரிசையாகச் சட்டத்தில் சொருகுகிற வேலை. சட்டத்தில் ஒரு குச்சி கோணலாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அந்த விரல். அதனால் நூறு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மற்றவர்களுக்குத்தான் ஆச்சரியம்.

எப்படி ஆரம்பித்தது என்றால், பூவநாதனுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் இதை வாசிப்பான். பழைய கிட்டார்கள் இரண்டை யாரிடமோ வாங்கி வந்திருந்தான். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. இப்போதெல்லாம் இதைச் செய்வதே இல்லையாம். ஒரு காலத்தில் டிவியில் மாட்டி விளையாடுவார்களாம். கறுப்புக்குப் பிறவியிலேயே வால் உண்டு. வெள்ளைக்கு வால் கிடையாது. முதுகில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. அதில் மாட்டுகிற சாமான் தொலைந்துபோய்விட்டதாம். வெள்ளை சும்மா சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வாசல்படியில் நின்று பார்ப்பேன். தினமும் பார்ப்பேன். ஒருநாள் அவன், "எம்மா, நீ ஒரு தடவ அடிச்சுப் பாரேன்" என்றான்.

"எனக்கெதுக்குப்பா. ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா ஒடையட்டும், பிடி."

கறுப்பைக் கையில் கொடுத்தான். அதில் ஏதோ கோளாறு. டொய்ங், டொய்ங், டொய்ங் என்று மூன்று. நான் கீழே வைத்துவிட்டேன். அடுப்படிக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் வாசல்படியில் போய் நிற்கவும் இல்லை. அவன் கூப்பிட்டான், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கோளாறுள்ள கிட்டாரைக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஒரு வாரம் போயிருக்கும். வெள்ளைக் கிட்டாரைத் துடைத்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டான். "எம்மா, இது ஒனக்குன்னே வச்சிருந்தேன். இது கூடுதல் ரகம். வயரே வேண்டாம்" என்றான். லேப்டாப்பில் என்னவோ அமுக்கினான். உட்கார்ந்தேன். பாட்டு ஓடியது. தட்டினேன். ஒரு டொய்ங் கூட இல்லை. முடிவில் நூறு.

"எம்மா!" என்று கத்தினான். அவனுக்கு ஒரே சிரிப்பு. சந்தோஷச் சிரிப்பு.

என் பக்கத்தில், ரோட்டுக்கு மேலே, இங்கிலீஷில் மூன்றெழுத்து போட்டிருந்தது. அதென்னப்பா என்றேன். "பெரியவங்க வாசிச்சா மரியாதைக்குப் போடுறதும்மா" என்றான். அவன் வாசிக்கும்போது அது வராது. சரிதானே, அவன் சின்னப்பயல்.

இதற்குத்தான் சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே சொன்னேன்.

சரி, கேளுங்கள். அப்போது என்ன ஒரு கிட்டார் தெரியுமா? ஒருநாள் பாதிப் பாட்டில் குக்கர் விசில் அடித்துவிட்டது. கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் ஒன்றுகூடத் தப்பவில்லை. நூறு! எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஏனென்றால் நான் கணக்கில் சரியாக இருக்கிறவள். வாசிக்காததற்கு மார்க் வாங்க மாட்டேன். பூவநாதனைக் கேட்டேன். "மெமரிம்மா. ஒன் கை பழகிருச்சுல்ல, நீ எந்திரிச்சுப் போனாக்கூடக் கொஞ்ச நேரம் அதுவே ஞாபகம் வச்சு வாசிக்கும்" என்றான். நல்ல யோசனைதான். செய்தவன் வீட்டிலும் குக்கர் இருந்திருக்கும்.

அந்தப் பள்ளத்தில் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துக்கொள்வேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்காரும்.

தெருவுக்குள் விஷயம் பரவிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் மதினியிடம் மட்டும் சொன்னேன். அவர்களிடம் சொன்னால் போதும், மைக் வேண்டாம். மறுநாளிலிருந்து சாயங்காலமானால் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கைந்து பேர். மதினி கறுப்புக் கிட்டாரை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "எங்க, எனக்கும் ஒரு கை பாப்போம்" என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

தங்கபுஷ்பம் மதினியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் தெருவில் பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி நடத்துவார்கள். இருபது வருஷமாக எல்லாப் பரிசும் அவர்களுக்குத்தான். வீட்டில் ஒரு அலமாரி முழுக்க எவர்சில்வர். டிபன் பாக்ஸ், குடம், ஹாட்பாக்ஸ், இட்லிக் கொப்பரை. இட்லிக் கொப்பரையில் "முதல் பரிசு" என்று எழுத்து வெட்டியிருக்கும். அதில் இட்லி அவிக்க மாட்டார்கள். வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவதற்கு மட்டும்.

எங்கள் வீட்டில் பரிசு என்று ஒரு ஸ்பூன் கிடையாது.

நானும் கலந்துகொள்ளாமல் இல்லை. மியூசிக்கல் சேரில் ஓடியிருக்கிறேன். பாட்டு நின்றதும் எனக்கு நேராக ஒரு நாற்காலி இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா நின்றார்கள். "நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். விளையாட்டு என்பது மறந்துபோய்விட்டது. இன்னொரு வருஷம் ஸ்பூனில் எலுமிச்சம்பழம். பழம் விழவே இல்லை தம்பி. கடைசிவரை விழவில்லை. நான் கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு விளையாட்டு வந்திருக்கிறது. நூறு வருகிற விளையாட்டு.

மதினிக்கு முதல் நாள் முப்பத்தைந்து. அப்புறம் நாற்பது, ஐம்பது என்று ஏறினார்கள். டொய்ங் டொய்ங் என்று காதே வலிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து என்னால் ஆனதைச் சொல்லிக்கொடுத்தேன். "மதினி, மணிக்கட்ட இறுக்கிப் பிடிக்காதிங்க. விரல் தானா வரணும். பதறக் கூடாது. என்னயப் பாருங்க" என்பேன். அவர்களும் பார்ப்பார்கள். பாவம், பார்த்து என்ன செய்ய, எல்லோருக்கும் அது வராது.

ஒருநாள் அவர்கள், "ஏன் மதினி, ஒங்க கிட்டாருக்கு மட்டும் வாலே இல்ல?" என்றார்கள்.

"இது கூடுதல் ரகம்" என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்றெழுத்தும் அவர்கள் பக்கத்தில் வராது. அதையும் நான் சொல்லிக்காட்டவில்லை.

இளவட்டப் பிள்ளைகளும் வருவார்கள். போட்டியில் மைக் பிடிக்கிற சங்கரேஸ்வரன் வந்தான். நான் வாசிப்பதைப் பார்த்தான். மூன்றெழுத்தைப் பார்த்தான். பூவநாதனைப் பார்த்தான். பூவநாதன் கையெடுத்துக் கும்பிட்டான். அது என்னத்துக்கு என்று எனக்குப் புரியவில்லை, ஏதோ அவர்களுக்குள். சங்கரேஸ்வரன், "அத்தே, நீங்க வேற லெவலு" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை.

அவன்தான் இந்த வருஷப் பொங்கல் போட்டியில் கிட்டாரைச் சேர்த்தான். பொங்கல் கழிந்து வருகிற இந்த ஞாயிற்றுக்கிழமை, தெருமுனையில் மேடை போட்டு, பெரிய டிவி வைத்து, பெண்களுக்கு மட்டும். பூவநாதன் ஒரு கும்மிப்பாட்டை எடுத்து அதற்கு வட்டு வைத்திருந்தான். அந்தப் பாட்டுதான் போட்டிக்கு. பரிசு, பித்தளைக் குத்துவிளக்கு. எவர்சில்வர் இல்லை, பித்தளை. இவ்வளவு உயரம். மதினியின் அலமாரியில்கூட அது கிடையாது.

நான் போய்ப் பெயர் கொடுத்தேன். சங்கரேஸ்வரன் மூன்று தடவை கேட்டான். "அத்தே, நெசமாவே பேர் குடுக்கப் போறீங்களா?" என்று. கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். மேடையில் ஏறப்போகிறேன். இந்த வயதில். முதல் தடவையாக.

தங்கபுஷ்பம் மதினி வாசலில் நின்று தெருவே கேட்கச் சொன்னார்கள்: "மதினி, இந்த வருசமாச்சும் நாற்காலிய யாருக்கும் விட்டுக் குடுத்துராதிங்க!"

"இதுல நாற்காலி கிடையாது மதினி" என்றேன். எனக்கு அப்படியெல்லாம் பதில் வராது. அன்றைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து பூவநாதனிடம் சொன்னேன். இட்லி தின்றுகொண்டிருந்தான். இட்லி வாயிலேயே நின்றுவிட்டது.

"எம்மா, யாரைக் கேட்டுக் குடுத்த?"

"யாரைக் கேக்கணும்? எனக்குத்தான நூறு வருது."

"கூட்டமா இருக்கும்மா. மைக்கு, லைட்டு. ஒனக்குக் கூச்சமா இருக்கும்லா."

"கூச்சந்தான். அதுக்காக நூறு குறைஞ்சிருமா?"

அவனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. மார்கழி மாசத்தில் வேர்க்கிறது என்றால் உடம்பில் ஏதோ சூடு. மோர் கரைத்துக் கொடுத்தேன். ராத்திரியே யாருக்கோ போன் போட்டு, எதையோ வரவழைத்தான். நான்கு நாளில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே இந்த வால்தான்.

"எம்மா, இத மாட்டினா இன்னும் நல்லா வரும்" என்றான்.

"நூறுக்கு மேல என்னப்பா நல்லா வரும்?"

என் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, பள்ளத்தில் அதை மாட்டினான். வாலை லேப்டாப்பில் சொருகினான். என்னவோ அமுக்கினான். வாசி என்றான்.

வாசித்தேன் தம்பி. நாற்பத்தொன்று.

அதே விரல், அதே பாட்டு. டொய்ங் டொய்ங் டொய்ங் டொய்ங். பாதிக் குச்சியில் மருந்து இல்லாத தீப்பெட்டி மாதிரி. ரோட்டுக்கு மேலே பார்க்கிறேன், அந்த மூன்றெழுத்தும் இல்லை. பட்டத்தையும் பிடுங்கிவிட்டார்கள்.

"பழைய மாதிரியே மாத்திக் குடு" என்றேன். "அது இனிமே முடியாதும்மா. நீ பழகு, தானா வரும்" என்கிறான். பழகு என்கிறான்! எனக்கு! முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறான்.

அன்றிலிருந்து அவன் உள்ளே ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலையாக இருக்கும்போது, மத்தியானம் சாப்பாடானதும் நானே உட்கார்ந்து பார்க்கிறேன். எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சோதித்துப் பார்க்கத்தான். விளையாட இல்லை. நாற்பத்தொன்று ஐம்பதாயிற்று. அப்புறம் அறுபது. ஒருநாள் அறுபத்தொன்பது. காய்ச்சல்காரன் கஞ்சி குடித்துத் தேறுகிற மாதிரி கிட்டார் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டு வருகிறது. ஆனால் எழுபத்தெட்டில் வந்து நின்றுவிட்டது. ஒரு வாரமாக அசையவில்லை. எத்தனை தடவை சோதித்தாலும் எழுபத்தெட்டு.

தங்கபுஷ்பம் மதினிக்கு இப்போது எண்பத்தொன்று.

எண்பத்தொன்று என்றால் குத்துவிளக்கு அவர்களுக்கு. அதுகூடப் பரவாயில்லை தம்பி, விளக்கு எங்கே எரிந்தாலும் விளக்குத்தான். ஆனால் நான் அவர்களிடம் மணிக்கட்டை இறுக்காதே என்று சொன்னவள். என்னைப் பார் என்று சொன்னவள். தெருவே நிற்கும்போது மேடையில் டொய்ங் என்று கேட்டால், நான் அடுத்த நாள் எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவது? இனிமேல் பெயரை எடுக்கவும் முடியாது. சங்கரேஸ்வரன் நோட்டீஸில் போட்டுவிட்டான்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். வாலை எடுத்துவிட்டு நூறாக்கிக் கொடுங்கள்.

என்னது? வாசித்துக் காட்டவா? இங்கேயா?

கடையில் வேறு யாரும் இல்லைதானே? அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்குங்கள். போதும், பாதி. சரி, போடுங்கள். அந்தக் கும்மிப்பாட்டு, கடைசியில் இருக்கும். மஞ்சள் படம் போட்டது. அதுதான்.

நீங்கள் விரலைப் பார்க்கக் கூடாது. திரையைப் பாருங்கள்.

...

பார்த்தீர்களா? எழுபத்தெட்டு. சொன்னேனா இல்லையா? ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது வியாதிதானே?

நன்றாக வாசிக்கிறேனா? கேலி பண்ணாதீர்கள் தம்பி. நூற்றுக்கு இருபத்திரண்டு போயிருக்கிறது. உங்கள் கடையில் கொடுத்த போனில் நூறில் இருபத்திரண்டு பொத்தான் வேலை செய்யவில்லை என்றால் நன்றாக இருக்கிறது என்பீர்களா?

என்ன, ஒவ்வொரு பொத்தானாக அமுக்குகிறீர்கள். பச்சை சரி. சிவப்பு சரி. ஓ, ஆரஞ்சா? அது அமுங்காது. அது வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். யார் வீட்டுப் பிள்ளையோ ஜூஸைக் கொட்டியிருக்க வேண்டும், ஒட்டிக்கொண்டு அசையாது. நான் சும்மா விரலை மேலே வைத்துக்கொள்வேன். ஆரஞ்சு அதிகம் வராது. இந்தப் பாட்டில் நூற்றுக்குப் பத்து வந்தால் அதிகம். எண்ணியிருக்கிறேன்.

முன்னால் நூறு வந்தபோது ஆரஞ்சை எப்படி எடுத்தேனா?

எடுத்தேன்.

எப்படி என்றால்... நூறு என்று வந்தது தம்பி. நூறு என்றால் அதில் ஆரஞ்சும் உண்டுதானே. ஆரஞ்சு இல்லாமல் நூறு வராது. தொண்ணூறுதான் வரும். எனக்குத் தொண்ணூறு வந்ததே இல்லை.

பொறுங்கள். பேசாதீர்கள். யோசிக்க விடுங்கள்.

அமுங்காத பொத்தான். தப்பாத ஆரஞ்சு.

நீங்கள் லேப்டாப்பில் என்ன செய்கிறீர்கள்? அட! அந்த மூன்றெழுத்து வந்துவிட்டதே! வாலையும் உருவிவிட்டீர்களா? இதைத்தானே தம்பி கேட்டேன், இதற்கு ஏன் இவ்வளவு நேரம்! பாட்டைப் போடுங்கள். ஆங், பாருங்கள், டொய்ங்கே இல்லை, பாருங்கள், பாருங்கள், இதுதான் என் கிட்டார்.

கீழே வைக்கவா? ஏன்?

வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டேன். ஆமாம், மெமரி. கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்து வாசிக்கும். நின்றுவிடும். இப்போது நின்றுவிடும்.

...

முழுப் பாட்டும் முடிந்துவிட்டது தம்பி.

நூறு.

இன்னொரு தடவை போடுங்கள். நான் தொட மாட்டேன். வேறு பாட்டு போடுங்கள். நான் இதுவரை வாசிக்காத பாட்டு. இங்கிலீஷ் பாட்டு, கத்துவானே, அது.

...

அதுவும் நூறு.

அந்த மூன்றெழுத்துக்கு என்ன அர்த்தம்? நீங்கள் சொல்லுங்கள். மரியாதைக்கில்லை என்று இப்போது எனக்கே தெரிகிறது.

'பாட்' என்றால் தானாக ஆடுகிற இயந்திரமா? ஆள் இல்லாதபோது போடுவதா?

ஆள் இல்லாதபோது.

தண்ணீர் இருக்கிறதா தம்பி? செம்பு வேண்டாம், பாட்டிலோடு கொடுங்கள்.

இப்போது எல்லாம் வரிசையாக வருகிறது. குக்கர் விசில். கண்ணாடிக் கூடு. சங்கரேஸ்வரன் வாயைப் பொத்தியது. பூவநாதன் கும்பிட்டது. அவனுக்கு வேர்த்தபோது நான் மோர் கரைத்துக் கொடுத்தேனே! இன்றைக்கு அவன் வரட்டும். கல்யாண வீட்டில் நன்றாகத் தின்றுவிட்டு வரட்டும், ஏனென்றால் வீட்டில் ஒரு வாரத்துக்கு உப்புமாதான்.

கோபமா? ஆமாம், கோபம்தான். மூன்று டொய்ங் கேட்டதும் நான் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் அவன்தான் பாவம் என்ன செய்வான். அது வேறு விஷயம். உப்புமா உப்புமாதான்.

ஐயோ, தங்கபுஷ்பம் மதினி! அவர்கள் கறுப்புக் கிட்டாரில் முப்பத்தைந்து வாங்கினது நிஜ முப்பத்தைந்து. ஐம்பது நிஜ ஐம்பது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான், செத்த கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, "பதறாதிங்க மதினி, விரல் தானா வரணும்" என்று... சிரியுங்கள் தம்பி, இப்போது சிரிக்கலாம். எனக்கே வருகிறது.

என்ன கேட்டீர்கள்? மூன்றெழுத்தை அப்படியே விட்டுவிடவா? ஞாயிற்றுக்கிழமை நூறு வரும். ஆமாம், வரும். வந்து? சங்கரேஸ்வரன் மைக்கில் கூப்பிட்டு விளக்கைக் கொடுப்பான். யாருக்கு? அந்த மூன்றெழுத்துக்கு. நான் அதைத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். அது வேண்டாம். எடுத்துவிடுங்கள். வாலை மாட்டுங்கள். இறுக்கமாக மாட்டுங்கள்.

ஒரு கணக்கு மட்டும் சொல்லுங்கள். வால் முளைத்தபிறகு வந்ததெல்லாம் யாருடையது?

நாற்பத்தொன்று என்னுடையதா? ஐம்பது? அறுபத்தொன்பது?

எழுபத்தெட்டும்?

ஒரு குச்சிகூட வேறு யாருடையதும் இல்லையா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. எனக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

ம்.

உங்களுக்கு எத்தனை வரும்? வாசித்திருக்கிறீர்களா? ஐம்பத்தேழா! கடை வைத்திருக்கிறீர்கள், ஐம்பத்தேழா?

பார்ப்போம். எழுபத்தெட்டு என்னுடையது. அதில் ஆரஞ்சு ஒன்றுகூடக் கிடையாது, செத்த பொத்தான். நூற்றுக்குப் பத்து அதிலேயே போகிறது. அதில் பாதி கிடைத்தாலும் எண்பத்துமூன்று. மதினிக்கு எண்பத்தொன்று. அந்த ஆரஞ்சைக் கழற்றித் துடைத்துவிட முடியுமா? ஸ்பிரிட் போட்டா? துடையுங்கள், துடையுங்கள். பஞ்சைக் கொண்டாருங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன். உள்ளே பாருங்கள், என்ன பிசுக்கு! ஜூஸ் இல்லை, இது தேன்மிட்டாய். அந்த மூலையில், ஆமாம், இன்னும் கொஞ்சம். ஊசி வேண்டுமா? ஜாக்கெட்டில் ஊக்கு இருக்கிறது, இந்தாருங்கள்.

அமுங்குகிறதா?

கொடுங்கள், நான் அமுக்கிப் பார்க்கிறேன். ஆ. இவ்வளவு மெத்தென்று இருக்குமா ஆரஞ்சு!

சுண்டுவிரல் போக மாட்டேன் என்கிறதே. இத்தனை நாள் சும்மா மேலே உட்கார்ந்திருந்த விரல், சோம்பேறியாகிவிட்டது. போகும். இரண்டு நாள் இருக்கிறது.

பாட்டைப் போடுங்கள் தம்பி. அந்தக் கும்மி. மூன்றெழுத்து இல்லையே? வால் இறுக்கமாக இருக்கிறதா? சரி.

நில்லுங்கள், நில்லுங்கள். இன்னும் போடாதீர்கள். நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கள். தப்பாக நினைக்காதீர்கள். முன்னால் எத்தனை பேர் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. இப்போது நீங்கள் ஒருவர் பார்த்தாலே கூச்சமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெருவே பார்க்கத்தான் போகிறது, அவர்களையெல்லாம் திரும்பி நில்லுங்கள் என்று சொல்ல முடியாது. இந்த ஒரு தடவை மட்டும்.

திரும்பிவிட்டீர்களா? டொய்ங் என்று கேட்டாலும் திரும்பக் கூடாது.

ம். போடுங்கள்.